பள்ளிகளில் சக மாணவர் துன்புறுத்தலைத் தடுக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்: பெற்றோர் சங்கத்தினர், கடம்பத்தூர்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர்
நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், திருவள்ளூர்



எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன் ஒன்பதாம் வகுப்பு. காலையில் தண்ணீரே குடிக்க மாட்டான். பள்ளிக் கழிப்பறையில் பெரிய பையன்கள் மடக்கி, அப்பா செய்யும் வேலையைச் சொல்லிக் கேலி செய்து அடிப்பார்கள் என்று பயந்து, மாலை வீடு வரும்வரை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறான். நீர்க்கடுப்பு வந்து மருத்துவரிடம் போன பிறகுதான் தாய்க்கே விஷயம் தெரிந்தது. அதற்கு முன் அவர் புத்தகப் பையின் வாரை மூன்று முறை தைத்துக் கொடுத்திருக்கிறார். "தானா அறுந்துபோச்சும்மா" என்று அவன் சொன்னதை நம்பிவிட்டார்.

பள்ளியில் முறையிட்டோம். அவனையும் அடித்தவர்களில் ஒருவனையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்து அனுப்பினார்கள். அன்று மாலையே ரயில் ஸ்டேஷன் போகும் வழியில் அவனுக்கு மறுபடியும் அடி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததும் இப்படித்தான் தொடங்கியது. சாதியைச் சொல்லி உடன் படித்தவர்கள் கொடுத்த தொல்லையால் ஒரு மாணவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். புகார் கொடுத்த கையோடு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது அந்த அறிக்கை. எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளில் அந்தப் பணியிடத்தை உருவாக்கி நிரப்பித் தர வேண்டுகிறோம். இதுவே எங்கள் முதல் கோரிக்கை.

பள்ளிகளில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லார் கண்ணும் படும் இடத்தில் இருக்கும் பெட்டியில் எந்தப் பையன் சீட்டுப் போடுவான்? அதை ஒதுக்குப்புறமாக மாற்றி, பள்ளியைச் சாராத ஒருவர் வாரம் ஒருமுறை திறக்கட்டும். இடைவேளையில் கழிப்பறைப் பக்கமும், பள்ளி விட்டதும் ஸ்டேஷன் சாலையிலும் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே கசியக் கூடாது.

அடித்தவனை டி.சி. கொடுத்து விரட்டச் சொல்லவில்லை. அவனும் எங்கள் தெருப் பிள்ளைதான். மனநல ஆலோசகர் அவனிடமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைச் சில மாதங்களாவது ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். காக்களூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் போகிறவர்கள் வேலை நாளில் வந்தால் ஒருநாள் கூலி போகும்.

மனுவில் பையன் பெயரும் பள்ளியின் பெயரும் இல்லை. அவன் கேட்டுக்கொண்டது அது. அழைத்தால் தாயே திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வந்து சொல்வார், அன்று அவருக்குக் காலை ஷிப்ட் இல்லையென்றால்.

இப்படிக்கு,
பெற்றோர் சங்கத்தினர்,
கடம்பத்தூர்