பெட்ரோல் எண்ணும் டிரைவர் சம்பளமும்

பெங்களூரில் கார் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் ஏராளம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து, முதலாளி வீட்டுக் காரிலோ வாடகைக் காரிலோ ஸ்டியரிங் பிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் இவர்கள். டர்போ பெட்ரோல் கார்கள் பெருகிவிட்ட இந்நாளில் இவர்களுக்குப் புதிய தொல்லை ஒன்று முளைத்திருக்கிறது.

'இழுவை இல்லை', 'மைலேஜ் இல்லை', 'என்ஜின் தட்டுகிறது' என்று புகார் எழுந்தால், "என்ன பெட்ரோல் போட்டாய்?" என்ற கேள்வி முதலில் டிரைவர் மீதுதான் பாய்கிறது. பழுதுச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளிகளும் உண்டு. இது நியாயமா?

நியாயம் பேசுமுன் விஷயம் தெரிய வேண்டும்.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பலத்தைக் காட்டுவதல்ல; அமுக்கத்தையும் சூட்டையும் தாங்கும் பொறுமையைக் காட்டுவது. ஐசோ-ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்திருக்கிறார்கள். 91 என்றால், முன்னதில் 91 பங்கும் பின்னதில் 9 பங்கும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று பொருள்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும் கருவி. சிறிய என்ஜின் பெரிய என்ஜினைப் போல் இழுப்பது இதனால்தான். ஆனால் அமுங்கிய காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடியைத் தொட்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சூட்டைப் பெட்ரோல் தாங்காவிட்டால், பிளக்கின் பொறியில் பற்றிய தீ பரவி வருவதற்குள், மிஞ்சிய கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

இன்றைய கார்களில் இதைக் கண்டுபிடிக்கும் சென்சார் இருக்கிறது. தட்டல் கேட்டதும் காரின் கம்ப்யூட்டர் பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடும். டர்போவின் அமுக்கத்தையும் குறைக்கும். ஆகவே ஒரு முறை குறைந்த எண் பெட்ரோல் போட்டதாலேயே என்ஜின் பாழாகிவிடாது. இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

ஆனால் சென்சாருக்கும் எல்லை உண்டு. பொங்கல் முடிந்து சேலத்திலிருந்து திரும்பும்போது, ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகத் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பெரிய கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தினால், குறைந்த எண் பெட்ரோல் என்ஜினை வாட்டும். இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் பிஸ்டனும் ரிங்கும் கெடும். அதிக இழுவைக்காகக் கம்ப்யூட்டரை மாற்றியமைத்த கார்களில் அபாயம் இன்னும் அதிகம். பழைய கார் வாங்குவோர் இதை விசாரித்தே வாங்க வேண்டும்.

அப்படியானால் எது சரியான எண்? பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறத்திலோ கார் கையேட்டிலோ அது அச்சிடப்பட்டிருக்கும். 95 கேட்கும் காருக்கு 91 போடுவது தவறு. 91 போதும் என்ற காருக்கு 100 போடுவது பெரும்பாலும் வீண் செலவு. லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும் 40 லிட்டருக்கு 320 ரூபாய் ஆகிறது. விலை அதிகமானது எல்லாக் காருக்கும் நல்லது என்பது வெறும் மயக்கம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ்-6 பெட்ரோல் வந்தது. அதில் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச எண் 91. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் எண் 95 என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்தும் என்பது உண்மையே. ஆனால் அதன் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே கலப்பு கூடியபின் மைலேஜ் சற்றுக் குறைந்தால், அதற்கு ஆக்டேனும் காரணமல்ல, டிரைவரும் காரணமல்ல. 'பெட்ரோலைத் திருடினாயா?' என்று கேட்குமுன் முதலாளிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமைச்சகத்தின் அறிக்கையில் உள்ள எண், பெட்ரோல் பங்க்கின் ஒவ்வொரு குழாயிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். டேங்க் மூடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தாக இருப்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் பிற மொழிகளிலும் அச்சிடக் கார் கம்பெனிகள் முன்வர வேண்டும்.

முதலாளிகள் எந்தப் பெட்ரோல் போட வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, அதற்குரிய பணத்தையும் கொடுக்க வேண்டும். சாதாரண பெட்ரோலுக்குப் பணம் கொடுத்துவிட்டு, 95 எண் பெட்ரோலுக்குரிய ஓட்டத்தை எதிர்பார்ப்பது முறையல்ல. டிரைவர் சகோதரர்களும் மூடியில் உள்ள எண்ணை முதல் நாளே பார்த்து முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் பில் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

எந்தப் பெட்ரோல் என்று தீர்மானிப்பது பணம் கொடுப்பவர். அதன் பலனுக்கும் அவரே பொறுப்பு. காரின் பழுதை ஏழையின் சம்பளத்தில் கழிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.