ஐந்தாவது செட்

இந்த வாரம் கொஞ்சம் சொந்தக் கதையோடு தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து ஆண்டுகளாக வானொலியில் காலை நேரத்தில் பேசிப் பழகியவள் நான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது, ஆறு மணிக்கு உங்களுக்குக் காலை வணக்கம் சொல்வது, இதெல்லாம் உடம்போடு ஒட்டிப்போன பழக்கம். போன மாதம் கூப்பிட்டுச் சொன்னார்கள், இனி எனக்கு மதிய நேரமாம். காலைக்குப் புதிதாக ஒரு பெண் வருகிறார், வயது 24. அவருக்கு ஒரு மாதம் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். "சரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். கீழே வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது.

அன்று இரவே விலகல் கடிதம் ஒன்றைக் கைப்பேசியில் எழுதி வைத்தேன். அனுப்பவில்லை. அந்த வார இறுதியில் சிடாம் கிரிக்குப் புறப்பட்டுப் போனேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் மாமாவைத் தெரிந்திருக்கும். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பினாங்குக்குச் சரக்கு ஏற்றிப்போன காலத்திலிருந்து நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். வெட்டி எடுத்த செய்திகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றியவை: நிக்கோல் டேவிட்.

என் விஷயத்தை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தபோது மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் இரகசியத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

மாமா ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "மதிப்பா இருக்கும்போதே எறங்கிடணும்மா. நிக்கோல் பண்ண தப்ப நீ பண்ணாத."

"என்ன தப்பு பண்ணிட்டா அந்தப் பொண்ணு?" என்று பெரியம்மா சண்டைக்கு வந்துவிட்டார். அவர் பால்மரம் சீவிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். சுவர்ப்பந்துக் களத்தை நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் நிக்கோலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் விடமாட்டார்.

மாமா பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அன்று காலை பத்து மணி வரை எங்கள் வீட்டில் நடந்தது விசாரணை மன்றம்தான்.

இளைய வாசகர்களுக்காகச் சில விவரங்கள். நிக்கோல் 1983-ல் பினாங்கில் பிறந்தவர். அப்பா இந்தியர், அம்மா சீனர். மூன்று பெண் பிள்ளைகளில் கடைக்குட்டி, மூவருமே சுவர்ப்பந்து ஆடியவர்கள். 1999-லும் 2001-லும் உலக இளையோர் பட்டத்தை வென்றார். பிறகு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லிஸ் இர்விங்கிடம் சேர்ந்தார். அதற்குப் பின் நடந்ததை எண்ணிக்கையில் சொன்னால்தான் நம்ப முடியும். எட்டு முறை உலகப் பட்டம். 2006 ஆகஸ்டு முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகத் தரவரிசையில் முதலிடம். கணக்குப் பார்த்தால் முழுதாக ஒன்பது வருடம். முதலாம் ஆண்டில் சேர்ந்த ஒரு குழந்தை மூன்றாம் படிவம் முடிக்கும் வரை உலகத்தில் முதல் ஆள் நம் நாட்டுப் பெண்தான்.

மாமாவின் வாதம் இது. 2014 டிசம்பரில் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலிலி, சொந்த மண்ணில் ஆடுகிறார். நிக்கோல் இரண்டு செட் தோற்று ஒன்றுதான் ஜெயித்திருந்தார். நான்காவது செட்டில் 6-10. இன்னும் ஒரே ஒரு புள்ளி போனால் பட்டம் போய்விடும். சுவர்ப்பந்தில் ஒரு செட்டுக்கு 11 புள்ளி, 10-10 என்று வந்துவிட்டால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். அந்த நான்கு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தடுத்து, செட்டை 14-12 என்று பிடுங்கி, ஐந்தாவது செட்டையும் எடுத்தார். எட்டாவது உலகப் பட்டம் அது. வயது 31.

"அன்னைக்கே மட்டையக் கீழ வெச்சிருக்கணும்," என்றார் மாமா. "அதுக்கு மேல ஒரு உச்சி இல்ல. அடுத்த வருஷமே முதலிடம் போச்சு. யாருகிட்டப் போச்சு? கெய்ரோவுல தோத்த அதே ரனீம்கிட்ட. 2016-ல உலகப் போட்டி நம்ம கோலாலம்பூர்லயே நடந்துச்சு. பட்டத்த எகிப்துல இருந்து வந்த இருபது வயசுப் புள்ள நூர் எல் ஷெர்பினி தூக்கிட்டுப் போச்சு. நான் டிவிய அணைச்சுட்டேன். அதெல்லாம் நாம பாக்கணுமா?"

2015-க்குப் பிறகு வந்த செய்திகள் அந்த டின்னில் குறைவு. ஜெயித்த செய்திகளைத்தான் மாமா வெட்டி வைத்திருக்கிறார். நாம் எல்லாருமே அப்படித்தானே இரசிகர்களாக இருக்கிறோம்?

நான் நடுவில் புகுந்து ஒலிம்பிக்ஸைப் பற்றிக் கேட்டேன். நிக்கோல் பேச்சு வந்தாலே நம் வீடுகளில் அடுத்த பெருமூச்சு அதுதான். சுவர்ப்பந்து ஒலிம்பிக்ஸில் இல்லாத காலத்தில் அவர் ஆடினார். சேர்க்கச் சொல்லி நடந்த முயற்சிகளின் முகமாக நின்றவர்களில் அவரும் ஒருவர். 2013-ல் கதவு மீண்டும் மூடப்பட்டது, அந்த முறை இடம் மல்யுத்தத்துக்குப் போனது. தன் உலகப் பட்டங்களையெல்லாம் ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்காகக் கொடுக்கத் தயார் என்று அவர் சொன்னதாக அந்நாளில் செய்தி வந்தது. அந்தச் செய்தித்தாள் துண்டும் டின்னில் இருந்தது, ஓரம் பழுப்பேறி.

"அது அவ கையில இல்லாத விஷயம்," என்று முடித்துவிட்டார் பெரியம்மா. "கையில இருந்தத ஒழுங்கா செஞ்சாளா இல்லையா, அதச் சொல்லு."

பிறகு அவர் கேட்ட கேள்விக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

"2014-லயே அவ போயிருந்தா, சங்கரி யாரோட ஆடியிருக்கும்?"

சங்கரி என்றால் எஸ். சிவசங்கரி. சுங்கைப்பட்டாணியில் பிறந்த பெண். எங்களுக்கெல்லாம் பக்கத்து ஊர்ப் பிள்ளை. 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் மோதியவர்கள் இரண்டு மலேசியர்கள். ஒருவர் 35 வயதைத் தொட்ட நிக்கோல், மற்றவர் 19 வயது சிவசங்கரி. நிக்கோல் ஆசியப் போட்டியில் முதல் தங்கம் வாங்கியது 1998-ல் பேங்காக்கில். அப்போது சிவசங்கரி பிறக்கவே இல்லை. பிறந்தது மறு வருடம்.

அந்த ஆட்டத்தை நாங்கள் சிடாம் கிரி வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். யாருக்குக் கைதட்டுவது என்று தெரியவில்லை. மாமா நிக்கோல் பக்கம். தம்பியும் அவன் கூட்டாளிகளும் சிவசங்கரி பக்கம். அம்மா யார் புள்ளி எடுத்தாலும் கைதட்டினார். முதல் செட் சிவசங்கரிக்கு. மூன்றாவதும் அவருக்கே. நிக்கோல் நான்காவதை எடுத்துச் சமன் செய்ய, ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது. அந்தச் செட்டில் நிக்கோல் ஜெயித்தார். ஆசியப் போட்டியில் அவருக்கு ஐந்தாவது ஒற்றையர் தங்கம் அது. மறு வருடம், 2019-ல், ஓய்வு பெற்றார்.

"அந்தத் தங்கம் உங்க டின்னுல இருக்கா?" என்று மாமாவைக் கேட்டேன். தேடினார். இருந்தது. ஒரே ஒரு துண்டுதான். நிக்கோலின் படம் மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தார். பக்கத்தில் யாரோ ஒருவரின் தோள் மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 ஜூனில் சிவசங்கரி ஒரு மோசமான கார் விபத்தில் சிக்கினார். அந்த வருடக் காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியவில்லை. இனி ஆடுவாரா என்று நாம் கவலைப்பட்டோம். 2023 அக்டோபரில், சீனாவின் ஹாங்சோவில், ஆசியப் போட்டியின் ஒற்றையர் தங்கத்தை வாங்கினார். 2018-ல் ஐந்தாவது செட்டில் கைநழுவிய அதே தங்கம். அடுத்த வருடம் லண்டன் கிளாசிக் பட்டமும் அவருக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாங்சோ தங்கம் கிடைத்த அதே அக்டோபரில், மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் சுவர்ப்பந்தைச் சேர்க்க முடிவெடுத்தது. நிக்கோலுக்கு அப்போது 40 வயது. அவர் தட்டிய கதவு திறந்தபோது அதில் நுழையப் போகிறவர்கள் வேறு பிள்ளைகள்.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஓட்டுப் போட்டமே, ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்காதா? 2021 ஜனவரி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நேரம். உலக விளையாட்டுகள் எனப்படும் வேர்ல்டு கேம்ஸ், தன் வரலாற்றின் மிகச் சிறந்த விளையாட்டாளரைத் தேர்ந்தெடுக்க இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஆளாளுக்கு நினைவூட்டினோம். மாமாவுக்கு நான்தான் கோலாலம்பூரில் இருந்துகொண்டு கைப்பேசி வழியாக, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பெற்று நிக்கோல்தான் முதலில் வந்தார். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் கழித்து.

"மாமா, 2014-லயே நின்னிருந்தா நீங்க ஓட்டுப் போட்டிருக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டிருப்பேன்."

"அப்ப 2015-க்கு அப்புறம் தோத்தது உங்க கணக்குல ஒண்ணும் குறைக்கலயே?"

மாமா பதில் சொல்லவில்லை. தே தாரிக் ஆறிவிட்டது என்று எழுந்து போனார். பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். உச்சியில் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்று நாம் எல்லாருக்கும் சொல்கிறோம். விளையாட்டாளருக்கு, நடிகருக்கு, பாடகருக்கு. அது அவர்கள் மேல் உள்ள பாசம்தான். ஆனால் அதில் நம் சுயநலமும் கொஞ்சம் இருக்கிறது. நம் மனசில் மாட்டி வைத்த படத்தில் கீறல் விழக்கூடாது என்று நினைக்கிறோம். அந்தப் படத்துக்கு வெளியே அவருக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கலாம் என்று நினைப்பதில்லை.

நிக்கோலுக்கு முதலிடம் போன பிறகு நான்கு வருடம் மிச்சம் இருந்தது. அந்த நான்கு வருடத்தில் உலகப் பட்டம் எதுவும் வரவில்லை. ஆனால் சுங்கைப்பட்டாணிப் பெண் ஒருத்திக்கு, தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த ஆளின் எதிரே நின்று, ஐந்து செட் வரை போய்த் தோற்கும் வாய்ப்பு கிடைத்தது. அந்த அனுபவத்தை எந்தப் பயிற்சி முகாமும் தர முடியாது. எதிரே நிற்க ஒருவர் இருந்தால்தான் அது நடக்கும். நிக்கோலும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசிப் புள்ளி வரை ஆடி ஜெயித்தார். வழிவிடுவது என்றால் ஒதுங்கிப் போவது மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

நான் உலகச் சாதனையாளர் இல்லை. காலையில் பாட்டுப் போட்டுச் சாலை நெரிசலைச் சொல்லும் ஆள். என்றாலும் அந்த விலகல் கடிதத்தைத் தாப்பா தாண்டி ஓய்வுப் பகுதியில் வண்டியை நிறுத்தியபோது அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் இணைப்பில் அவருக்குக் குரல் நடுங்கியது. பேச்சு ஓட்டமாக ஓடியது. வெந்நீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். "அவசரமே இல்லை. கேக்கிறவங்க இப்பத்தான் எழுந்திருக்காங்க," என்றேன். இரண்டாவது இணைப்பு பரவாயில்லை. மூன்றாவதில் நான் நினைக்காத ஒரு நகைச்சுவையைச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மதியம் என் முதல் நிகழ்ச்சி. முதல் அழைப்பு கெடாவிலிருந்து வந்தது. "என்னம்மா, மத்தியானத்துலயும் அதே சத்தமா?" என்றது தெரிந்த குரல். பெயர் சொல்லவில்லை. பின்னால் பெரியம்மா அதட்டுவது கேட்டது.

அடுத்த வாரம் சந்திப்போம். மதியம் இரண்டு மணிக்கு நேரம் இருந்தால், அங்கேயும்.