செந்தூளா, சாம்பல் தூளா?



சென்ற ஐப்பசியில் ஒரு காலை, குளியலறைச் சுவரில் இருந்த கைப்பிடி அம்மாவின் கையோடு கழன்று வந்துவிட்டது. வாசலில் நான் நின்றிருந்ததால் தாங்கிப் பிடிக்க முடிந்தது. அம்மாவுக்கு 78 வயது. அந்தக் கைப்பிடியை இரண்டு மாதம் முன்பு டிரில் போட்டு மாட்டியவன் நான்தான்.

அம்மாவை உட்கார வைத்துவிட்டு, திருகாணியைச் சுவரில் பிடித்து நிறுத்தும் ராவல் பிளக் கீழே விழுந்து கிடந்தது; அதை எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குல நீளம். அதன் மேல் ஒட்டியிருந்ததெல்லாம் சாம்பல் நிறத் தூள். நுனியில் மட்டும் கால் அங்குலத்துக்குச் சிவப்பு. எதிர்வீட்டுக் கொத்தனார் வந்து அதை வாங்கிப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: “பிளக்கு கல்லுக்குள்ள போவவே இல்லியே சார். பூச்சுலதான் நின்னிருக்குது.”

கணக்குப் போட்டால் அவர் சொன்னது அப்படியே சரி. டைல்ஸின் கனம் 8 மில்லிமீட்டர். அதை ஒட்டிய கலவை ஒரு 12. அதற்குப் பின்னால் சுவர்ப் பூச்சு இன்னொரு 12. செங்கல் தொடங்குவதே 32 மில்லிமீட்டருக்கு அப்பால்தான். 38 மில்லிமீட்டர் பிளக்கில் செங்கல்லைப் பற்றியிருந்தது வெறும் ஆறு. ஒரு வயதான உடம்பின் பாரத்தை அந்த ஆறு மில்லிமீட்டரை நம்பி விட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. இந்த மாதப் பக்கத்தைச் சுவர்த் துளைக்கு ஒதுக்கியதும் அதனால்தான்.

நம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பில் துளை போடுவதையே தொழிலாகக் கொண்ட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மூன்று ஷிப்டும் நின்று மயிரிழை பிசகாமல் போடுவார்கள். அந்தக் கைகளே வீட்டுச் சுவர் என்று வரும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் எளியது. இரும்புக்கான பிட் சீவி எடுக்கும். சுவருக்கான பிட் இடித்துப் பொடியாக்கும்; அதன் நுனியில் பட்டையாகக் கார்பைடு பற்றவைத்திருக்கும். இரும்பு பிட்டைச் சுவரில் வைத்தால் சற்று நேரத்தில் முனை மழுங்கிவிடும். இரும்பு எங்கும் ஒரே மாதிரி இரும்புதான். சுவர் அப்படியில்லை. வீட்டுக்கு வீடு, சில நேரம் ஒரே அறையில் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

சுவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள ஒரு வழியைக் கொத்தனார் அன்றைக்குக் கற்றுக்கொடுத்தார். துளைக்குக் கீழே ஒரு பழைய தபால் உறையைப் பிளந்து ஒட்டிவிடுங்கள். தூள் அதில் விழும். அதன் நிறத்தைப் பாருங்கள்.

சிமென்ட் பூச்சுள்ள சுவரில் முதலில் வருவது சாம்பல் நிறம்தான், அது பூச்சு. அரை அங்குலம் தாண்டியதும் சிவப்பாக மாறினால் சூளைச் செங்கல். திருவள்ளூர் மாவட்டத்தின் சூளைகளில் அறுத்துச் சுட்ட கல் எத்தனையோ வீடுகளில் நிற்கிறது. ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அந்தக் கல்லை அறுக்கிறார்கள். சில சூளைகளிலிருந்து அவர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். சிவப்புத் தூளைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வருகிறது. சொல்லாமல் கடந்து போக மனமில்லை. நன்கு வெந்த செங்கல் துளைக்கு உகந்த கல். சாதாரண நைலான் பிளக்கே அதில் உறுதியாக நிற்கும். இரண்டு கல்லுக்கு இடையே உள்ள கலவையில் மட்டும் துளை விழக் கூடாது. பிட் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் கலவையில் விழுந்துவிட்டது என்று பொருள். ஒன்றரை அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிக்கொள்ளுங்கள்.

பூச்சைத் தாண்டியும் சாம்பல் நிறமே வந்தால் அது சாம்பல் கல்லாக இருக்கலாம். அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம், அதன் பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் என்று நிலக்கரி எரிக்கும் உலைகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. 1970இல் தொடங்கிய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் நிலக்கரிச் சாம்பலைச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு 1999இல் அறிவிக்கை வெளியிட்டது. பிறகு அந்தத் தூரத்தை நூறாக்கி, 2016இல் முந்நூறாக்கியது. ஆகவே இந்தப் பக்கம் அண்மைக் காலத்தில் கட்டிய பல வீடுகள் மின்நிலையச் சாம்பலால் எழுந்தவை. நன்றாகத் தண்ணீர் காட்டி ஆறிய சாம்பல் கல் கெட்டியானது. அரைகுறையாக ஆறியதென்றால் ஓரம் உதிர்ந்து துளை அகன்றுவிடும். அதில் டிரில்லின் சுத்தியல் விசையை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுற்ற விடுவதே நல்லது.

பூச்சைத் தாண்டி ஓர் அங்குலம் போனதும் பிட் வெற்றிடத்தில் தொபுக்கென்று விழுந்தால் ஹாலோ பிளாக். தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகைக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள் பலவற்றில் இதுதான் சுவர். சாதாரண பிளக் அங்கே எதையும் பற்றாது. உள்ளே போய்ச் சிறகு விரிக்கும் வகை பிளக் வேண்டும். இல்லையென்றால் அந்தக் குழியைக் கலவையால் நிரப்பிக் காயவிட்டுப் பிறகு துளைக்க வேண்டும். மாவு போல வெள்ளைத் தூள் கொட்டினால் ஏஏசி எனப்படும் காற்றுக்குமிழ் கான்கிரீட் கல். கத்தியாலேயே கீறக்கூடிய அந்தக் கல்லுக்கு அகன்ற புரி கொண்ட தனி பிளக் கடைகளில் இருக்கிறது. நுண்ணிய சாம்பல் தூள் வந்து, எவ்வளவு அழுத்தியும் பிட் நகராமல் நின்றால் நீங்கள் கான்கிரீட் பில்லரில் நிற்கிறீர்கள். கம்பியில் உரசும் ஓசை கேட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வீட்டைத் தாங்கும் கம்பியை அறுத்து ஓர் அலமாரி மாட்ட வேண்டியதில்லை.

பொன்னேரி, பழவேற்காடு பக்கத்துப் பழைய வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் சுவரிலிருந்து வரும் வெளிறிய தூளில் கிளிஞ்சல் துணுக்குகள் தென்படலாம். பழவேற்காடு ஏரிப் படுகையில் தோண்டிய கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தது இந்தக் கரையின் பழைய தொழில். இந்தியாவின் தொடக்ககாலச் சிமென்ட் முயற்சிகளில் ஒன்றும் கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு 1904இல் சென்னை வண்ணாரப்பேட்டையில்தான் நடந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் துளையைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் உள்ளே சிக்கிச் சுற்றிலும் பூச்சு பொரிந்து உதிரும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பால்தான் அடைக்க வேண்டும்.

ராவல் பிளக் என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1910ஐ ஒட்டி லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவர் சிதையாமல் மின்கருவிகளைப் பொருத்துவதற்காகச் சணல் நாரில் ஒரு பிளக் செய்தார். அதற்கு முன் மரக்கட்டையை ஆப்பாகச் சுவரில் அடித்து, அதில் ஆணி இறக்குவார்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளிலும் அந்தக் கட்டைகளைப் பார்க்கலாம். இன்று நாம் வாங்கும் நைலான் பிளக்குக்கு வடிவம் கொடுத்தவர் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர், ஆண்டு 1958. ஆனாலும் கும்மிடிப்பூண்டி பஜாரில் கடைப் பையன் இன்றும் கேட்பது “ராவல் பிளக்கா அண்ணே, எத்தனை நம்பர்?” என்றுதான்.

துளையிடும் முன் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது மின்சாரம். நம் வீடுகளில் வயர்க் குழாய் கூரைத் தளத்திலிருந்து நேர்க்கோட்டில் சுவிட்சு பெட்டிக்கு இறங்குகிறது. ஆகவே சுவிட்சுக்கும் பிளக் பாயின்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை கூடாது. இரண்டு பெட்டிகளுக்கு இடைப்பட்ட கிடைக்கோட்டிலும் கூடாது. குளியலறையில் குழாய்க்கும் ஷவருக்கும் நடுவே தண்ணீர்க் குழாய் ஓடும், அங்கேயும் கூடாது. வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால், டிரில் வாங்கும் முன் அதை ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். வயரில் பிட் பட்டாலும் கசிகிற மின்சாரத்தை அது நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்95 முகக்கவசம். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் மணல்தூள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியது. நமக்கு இது ஒரு நாள் வேலை. சுவரில் காடி எடுக்கும் பிள்ளைகளுக்குத் தினமும் அதுதான் வேலை. உங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்தால், கூலியோடு முகக்கவசத்தையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

துளை போடுவதைவிட அடைப்பதில்தான் நம் அக்கறை குறைவு. ஆணித் துளையில் பற்பசையையும் சோப்பையும் திணிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது காய்ந்ததும் சுருங்கி மஞ்சளாகும். சிறு துளைக்குக் கடையில் விற்கும் பட்டியே போதும். விரல் நுழையும் துளைக்குக் கலவை வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமிலிருந்து ஓர் இலங்கைத் தமிழர் வருவார். அங்கே வாழும் பலருக்கும் பெயின்டிங்தான் பிழைப்பு. பட்டி பார்ப்பதில் அவருடைய கை நேர்த்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை. “தண்ணி குடுக்காமல் கலவை வைக்காதேங்கோ, சுவர் அதைக் குடிச்சுப் போடும்” என்பார். உண்மைதான். உலர்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் இறுகத் தண்ணீர் இருக்காது. அடைத்த துண்டு சில நாளில் கட்டியாகவே கழன்று விழும். ஆகவே துளையைத் தூள் போக ஊதி, தண்ணீர் தெளித்து, சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலந்து, ஆழமாக இருந்தால் இரண்டு தடவையாக வையுங்கள். சுவர் மட்டத்துக்கு ஒரு நூல் உள்ளே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் ஈரம் காட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடியுங்கள். பழைய பெயின்டின் மிச்சத்தைத் தொட்டு வைத்தால் திட்டாகத் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவருக்கு மட்டும் முழுதாக அடித்துவிடுங்கள்.

வெளிச்சுவர்த் துளை என்றால் அசட்டை வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் வீட்டில் கூரை ஒழுகவில்லை. ஏசி குழாய்க்குப் போட்ட துளைவழியாகத்தான் மழை உள்ளே வந்தது. அதை வெளிப்பக்கம் சற்றே சரிவாகப் போட்டு, சுற்றிலும் சிலிக்கான் வைத்து மூடியிருக்க வேண்டும். கடற்காற்று வீசும் ஊரில் திருகாணியும் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். துருவேறிய இரும்பு பருத்துப் பூச்சைப் பிளந்துவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்பீர்கள், வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடுவதில்லையே என்று. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், பழுது பார்க்கும் பொறுப்பை இரு தரப்புக்கும் பட்டியலிட்டுப் பிரிக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டு உரிமையாளர் பக்கம். வாடகைதாரர் உண்டாக்கிய சேதம் வாடகைதாரர் பக்கம். ஆகவே துளைக்கு முன்னால் கேட்டுவிடுங்கள், காலி செய்யும் முன் அடைத்துவிடுங்கள். வீட்டுக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஷிப்டு முடிந்து வருகிறவருக்குச் சட்டை மாட்ட ஓர் ஆணி வேண்டும், சாமி படத்துக்கு ஒன்று, கொடிக்கயிற்றுக்கு இரண்டு. நாலு துளைக்காக அட்வான்ஸில் கை வைக்காதீர்கள்.

அம்மாவின் கைப்பிடிக்கு வருகிறேன். பழைய துளைகளை அடைத்துவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் புதிதாகப் போட்டோம். டைல்ஸ் வழுக்காமல் இருக்கக் குறியின் மேல் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட்டால் சுத்தியல் விசை இல்லாமல் தொடங்கி, டைல்ஸைக் கடந்ததும் சுவர் பிட்டுக்கு மாறினோம். ஆழம் தெரிய பிட்டிலேயே 90 மில்லிமீட்டரில் டேப் சுற்றியிருந்தார் கொத்தனார். உறையில் முதலில் வெள்ளை விழுந்தது, பிறகு சாம்பல், பிறகு நல்ல சிவப்பு. சைக்கிள் பம்பால் தூளை ஊதி எடுத்துவிட்டு 80 மில்லிமீட்டர் பிளக்கை இறக்கினோம். திருகாணியின் தலையைச் சுற்றிச் சிலிக்கான். மாட்டி முடித்ததும் என் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார் அவர். இழுத்தேன். அசையவில்லை. இன்றுவரை அசையவில்லை.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் பிடித்து எழும் கைப்பிடி ஒன்று இருக்கும். இந்த இதழை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், அதை உங்கள் முழு பலத்தோடும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் அடுத்த ஞாயிறுவரை விட்டுவைக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்