மழைக்கு முன் எங்கள் பதிவேட்டைக் கேளுங்கள்: சித்தூர், திருப்பதி மாவட்டச் செவிலியரின் கோரிக்கைச் சாசனம்

ஆந்திரப் பிரதேச அரசின் மருத்துவ, சுகாதாரத் துறைக்கும், சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியர்களுக்கும், திருமலை திருப்பதி தேவஸ்தான நிர்வாகத்துக்கும், எங்களை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் இரு மாவட்ட மக்களுக்கும் நாங்கள் எழுதுவது.

2021இல் கார்த்திகைத் தீபம் நவம்பர் 19 அன்று வந்தது. அதற்கு முந்தைய நாளே திருப்பதியில் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. திருமலைப் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன. சுவர்ணமுகி கரை மீறியது. திருப்பதித் தெருக்களில் வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. சித்தூரில் நீவா ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த சில நாட்களில் ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கரைக்குக் கீழே இருந்த ஊர்களைக் காலி செய்ய வைத்தார்கள்.

இப்படிப்பட்ட நாளில் மைக்கில் வரும் செய்தி ஒன்றுதான்: எல்லாரும் மேட்டுக்குப் போங்கள். அந்த ‘எல்லாரிலும்’ ஒன்பது மாதக் கர்ப்பிணி இருக்கிறாள். நாளைக் காலை டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர் இருக்கிறார். பக்கவாதத்தில் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாத்தா இருக்கிறார். இன்சுலின் புட்டியைப் பானைத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றும் பாட்டி இருக்கிறார். இவர்கள் எந்தத் தெருவில், எந்த வீட்டில், யார் துணையோடு இருக்கிறார்கள் என்பதை எழுதி வைத்திருப்பவர் அந்த ஊரின் கிராமச் செவிலியரான ஏஎன்எம் அம்மாதான். பாதி அவர் பதிவேட்டில் இருக்கும், மீதி அவர் மனதில் இருக்கும். ஆனால் எந்த ஊரை முதலில் காலி செய்வது, எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாம் முடிந்து, முகாம் போட்ட பிறகு, ஓஆர்எஸ் பொட்டலத்தோடு வரச் சொல்கிறார்கள்.

இந்தச் சாசனத்தின் அடிப்படை இதுதான். பருவநிலை மாறி வெயிலும் வெள்ளமும் தவறாமல் வந்துகொண்டிருக்கும் இந்த மாவட்டங்களில், பேரிடர் திட்டத்தின் முதல் பக்கமே செவிலியரின் பதிவேடாக இருக்க வேண்டும். பின்வரும் கோரிக்கைகள் எல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

ஆணையத்தில் இடம்

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளரும் மாவட்டத்தின் தலைமை மருத்துவ அலுவலரும் பதவி வழி உறுப்பினர்கள். இவர்களோடு, மாவட்ட அளவிலான இரண்டு அலுவலர்கள் வரை மாநில அரசு நியமித்துக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு இடம் தருகிறது. பொதுச் சுகாதாரச் செவிலியப் பிரிவுக்கு மாவட்ட அளவில் ஓர் அலுவலர் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறார். அந்த இரண்டு இடங்களில் ஒன்றை அவருக்குக் கொடுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், புதுச் செலவு வேண்டாம், ஓர் அரசாணை போதும். இரு மாவட்டங்களிலும் வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. கிராம, வார்டு அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் ‘முதலில் அழைத்துச் செல்ல வேண்டியவர்கள்’ என்ற பட்டியல் வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிரசவத் தேதி உள்ளவர்கள், பச்சிளங்குழந்தைகள், டயாலிசிஸ், இன்சுலின், ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள், காசநோய் மாத்திரையும் மனநல மாத்திரையும் ஒரு நாள்கூட விடக் கூடாதவர்கள், எழுந்து நடக்க முடியாதவர்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஏஎன்எம், ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா, கிராமச் சுகாதார மையத்தின் சமூகச் சுகாதார அலுவலர் மூவரும் உட்கார்ந்து அதைப் புதுப்பிக்க இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாளும் வேறு சர்வே, வேறு ஆப், வேறு கூட்டம் இருக்கக் கூடாது. பட்டியல் காகிதத்திலும் இருக்க வேண்டும். டவர் விழுந்து சார்ஜ் தீர்ந்த இரவில் ஆப்பைத் திறக்க முடியாது.

இதில் எங்களுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. நோயின் பெயர் செவிலியரோடு நிற்க வேண்டும். வருவாய்த் துறைக்குப் போகும் தாளில் வீட்டு எண்ணும், படுக்கை வேண்டுமா, வண்டி வேண்டுமா என்பதும் மட்டும் போதும். எச்ஐவி உள்ளவரின் பெயர் வெள்ளத்தின் பெயரால் ஊருக்குத் தெரிந்துவிட்டால், தண்ணீர் வடிந்த பிறகும் அவரால் அந்த ஊரில் இருக்க முடியாது.

வெயில்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். வெள்ளம் வந்தால் கேமரா வருகிறது. வெயிலில் செத்தவர் மாரடைப்பில் போனதாக எழுதிவிடுகிறார்கள்.

2015 கோடையில் ஆந்திராவில் வெப்பத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக அரசே சொன்னது. தெலுங்கில் அதை ‘வடதெப்ப’ என்பார்கள், வெயிலின் அடி என்று பொருள். எங்கள் பக்கம் கத்திரி முடியும் நேரத்தில் தோத்தாபுரி மாங்காய் அறுவடை தொடங்கிவிடும். மரத்தில் ஏறிப் பறிப்பவர், மூட்டை சுமப்பவர், மாங்கூழ் ஆலை வாசலில் லாரியோடு நாள் கணக்கில் காத்திருப்பவர், அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் கால்வாய் வெட்டும் பெண்கள், கல் குவாரியில் இருப்பவர், நகரியில் தகரக் கூரைக்கடியில் தறி ஓட்டுபவர் எல்லாருக்கும் அடி ஒன்றுதான். கர்ப்பிணிகளுக்கு அது இரட்டிப்பு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள உடம்பும் இந்தப் பக்கம் உள்ள உடம்பும் வேறல்ல.

உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் உளறத் தொடங்கினால் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்று வண்டியில் ஏற்றினால் அந்த அரை மணி நேரம் சாலையிலேயே போய்விடும். முதலில் குளிர்வித்து, பிறகு அனுப்ப வேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு தார்ப்பாய், ஐஸ், தண்ணீர், பாயின் நான்கு மூலையையும் தூக்கிப் பிடிக்க நாலு பேர், நம்பகமான தெர்மாமீட்டர் ஒன்று. ஆனால் டாக்டர் வரும்வரை கை வைக்கத் தயங்கும் நிலையில் செவிலியர் இருக்கிறார், ஏனென்றால் எழுத்தில் அனுமதி இல்லை.

ஆகவே கேட்கிறோம். மார்ச் 1 முதல் ஜூலை முடியும்வரை, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 வண்டியிலும் இந்தப் பொருட்கள் தயாராக இருக்க வேண்டும். பணியில் இருக்கும் செவிலியரே குளிர்விக்கவும் செலைன் ஏற்றவும் மாவட்ட மருத்துவ, சுகாதார அலுவலர் கையெழுத்திட்ட நிலையான ஆணை சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். வெப்ப நோய்ப் பதிவேட்டில் செவிலியர் எழுதும் சந்தேகக் கேஸ் ஒவ்வொன்றும் அப்படியே மேலே போக வேண்டும். எண்ணிக்கை கூடினால் எங்களிடம் விளக்கம் கேட்கிறார்கள், அதை நிறுத்துங்கள். ஊரக வேலைத் திட்டத்தின் வேலை நேரத்தைக் காலை பதினொரு மணிக்குள் முடிக்கும்படி அந்தந்த ஊருக்குச் சொல்லும் பொறுப்பை சமூகச் சுகாதார அலுவலருக்குத் தாருங்கள்.

ஏஎன்எம்மும் ஆஷாவும் அதே வெயிலில்தான் வீடு வீடாக நடக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மே மாதத்தில் மதிய சர்வே வேண்டாம்.

மலையடிவாரத்தில்

திருமலைக்கு அலிபிரி வழியாக 3,550 படி. புரட்டாசி சனிக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்து நடந்தே வருகிறவர்கள் பலர் ஏற்கனவே களைத்துப்போய்த்தான் முதல் படியை மிதிக்கிறார்கள். 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் கூடிய நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் அவர்களில் உண்டு. நெரிசலில் சிக்கியவர் நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல்தான் பெரும்பாலும் இறக்கிறார். சில நிமிடங்களுக்குள் இழுத்து வெளியே போட்டு, மூச்சு கொடுக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிழைக்க வழியுண்டு.

தேவஸ்தானத்திடம் நாங்கள் கேட்பது: பெருங்கூட்டம் எதிர்பார்க்கும் எந்த நிகழ்ச்சிக்கும் வரிசைத் திட்டம் போடும்போதே மூத்த செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் போகும் பாதை காலியாக இருக்கிறது, முதலுதவி இடத்தில் ஆள் இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகே வாசல் திறக்க வேண்டும். சேவைக்கு வரும் தொண்டர்களுக்கு நெஞ்சழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சியை நாங்கள் தருகிறோம், அரை நாள் போதும்.

மொழி பற்றி ஒன்று. இந்த மாவட்டங்களில் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், சித்தூர் நகரம் எங்கும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பயத்தில் இருக்கும் மனிதன் தாய்மொழியில்தான் வலியைச் சொல்வான். ‘நெஞ்சைப் பிசையுது’ என்று ஓர் அம்மா சொன்னால் அது எந்த வலி என்று புரிந்துகொள்ள ஆள் வேண்டும். எச்சரிக்கை செய்தி, முகாம் பலகை, மருந்துச் சீட்டுக் குறிப்பு எல்லாம் தெலுங்கோடு தமிழிலும் வேண்டும், குப்பம் பக்கம் கன்னடத்திலும்.

மழை ஓய்ந்த பிறகு

தண்ணீர் வடிந்ததும் வயிற்றுப்போக்கு வரும், டெங்கு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். மார்கழிப் பனியில் ஒரு வாரமாகக் காய்ச்சல் இறங்காமல் வருகிறவருக்கு ஸ்க்ரப் டைஃபஸ் இருக்கலாம் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த புண் இருக்கும். பெண்களுக்கு அது அக்குளிலோ, மார்புக்கு அடியிலோ, புடவை கட்டும் இடுப்பு மடிப்பிலோ மறைந்திருக்கும். கூட்டமான ஓபியில் எந்தப் பெண்ணும் அதைக் காட்ட மாட்டாள். திரைக்குப் பின்னால் செவிலியர் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மருந்து டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற சாதாரண மாத்திரைகள்தான். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டு மருந்துகளையும் நரம்பு வழியாகச் சேர்த்துத் தந்தால் நல்ல பலன் என்று பக்கத்து வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. தாமதித்தால் சிறுநீரகமும் நுரையீரலும் போகும்.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கதவுள்ள ஒரு பரிசோதனை அறை, காய்ச்சல்காரர் எல்லாருக்கும் செவிலியர் செய்யும் முழு உடல் பரிசோதனை, அதன் முடிவைச் சீட்டில் எழுதும் உரிமை. பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்து மண்டல மையத்தில் எப்போதும் இருப்பு. தடுப்பூசியும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க, மின்சாரம் போன நாட்களுக்கு சூரிய மின் குளிர்பெட்டி. இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை என்று நம்புகிறோம்.

பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாறு திருவள்ளூர் மாவட்டத்துக்குள் பாய்கிறது. நீவா பொன்னையாற்றோடு சேர்ந்து பாலாற்றுக்குப் போகிறது. திறப்புச் செய்தி இரு மாநிலச் செவிலியருக்கும் ஒரே நேரத்தில் போக ஏற்பாடு வேண்டும். பேரிடர் காலத்தில் வேலூர், திருவள்ளூர் செவிலியர் இங்கேயும், நாங்கள் அங்கேயும் தடையின்றிப் பணிபுரிய இரு மாநிலங்களும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்களைப் பற்றி

2021 மே 10 இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் சில நிமிடங்கள் குறைந்தது. அரசுக் கணக்கின்படியே 11 கோவிட் நோயாளிகள் உயிரிழந்தார்கள். அத்தகைய இரவில் ஒரு செவிலியருக்கு இரண்டு கைதான். போதனா மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அந்த அளவுக்குப் பணியிடங்களை நிரப்புங்கள். ஆக்சிஜன் அழுத்தமானி வார்டுச் செவிலியர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். அபாய மணியை அடிக்க அவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லாதபடி இருக்க வேண்டும்.

கிராமச் சுகாதார மையங்களை நடத்தும் சமூகச் சுகாதார அலுவலர்கள் ஒப்பந்தப் பணியில் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரால் ‘இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உதவாது’ என்று ஊர்ப் பெரியவரிடம் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர்களை நிரந்தரமாக்குங்கள். தனியார் செவிலியருக்கு, உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்த ஊதியம், 50 படுக்கைக்கும் குறைவான சிறிய மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது. அதையாவது அமல்படுத்துங்கள். உலகில் இன்னும் 58 லட்சம் செவிலியர் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் கணக்குச் சொன்னது. வெளிநாடுகள் எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

வெள்ளப் பணிக்குப் போகிறவருக்கு உயிர்காப்பு உடை, டார்ச், மழைக்கோட்டு, கழிப்பறை உள்ள தங்குமிடம், காப்பீடு, திரும்பி வந்ததும் ஈடுசெய் விடுப்பு. கைக்குழந்தை உள்ள செவிலியருக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள்.

செவிலியருக்கு ஏரியும் மழையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. ஆனாலும் இந்தியாவின் பஞ்சம், பாசனம், சுகாதாரம் பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார். கோதாவரி அணைக்கட்டைக் கட்டிய ஆர்தர் காட்டனோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். நர்சிங் கல்லூரிகள் அந்த வழியில் நடக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், மாணவிகள் ஏரிக்கரை ஊர் ஒன்றில் தங்கி அந்த ஊர் மக்களோடு ஒத்திகை நடத்த வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வாக்கு. ஐப்பசி முதல் தேதிக்குள் எங்கள் ஊர்களின் பட்டியல் தயாராக இருக்கும், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அதை வாங்கிக்கொள்ள மண்டலத்துக்கு ஓர் அலுவலரின் பெயரை எழுத்தில் தாருங்கள். ராயலசெருவின் கீழுள்ள ஊர்களின் பட்டியலை முதலில் கொண்டுவருகிறோம்.