ஸ்பெஷல் இஷ்யூவில் பேப்பர் போடலாமா? ரிவியூவரைத் தேர்வு செய்வது யார் என்று முதலில் பாருங்கள்

“இந்த வருஷம் எத்தனை பேப்பர்?” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்க்கும் உதவிப் பேராசிரியர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையின் பொறியியல் பிரிவில் ஆய்வுக்கு 30 சதவீத எடை இருக்கிறது. கல்லூரிக்கு எண்ணிக்கை வேண்டும், ஆசிரியருக்கு அப்ரைசல் வேண்டும். அந்த நேரம் பார்த்து மெயிலில் ஓர் அழைப்பு வருகிறது: “எங்கள் சிறப்பிதழுக்குக் கட்டுரை அனுப்புங்கள், சீக்கிரமே முடிவு சொல்கிறோம்.”

அனுப்பலாமா? ஸ்பெஷல் இஷ்யூ என்றாலே டுபாக்கூர் என்று சீனியர்கள் சிலர் கையை விரிப்பார்கள். அது அவசர முடிவு. ஒரே தலைப்பில் வேலை செய்பவர்களை ஒரே இதழில் சேர்ப்பது நல்ல பழக்கம்தான். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

சாதாரண இதழுக்குக் கட்டுரை போனால், முதலில் எடிட்டர் படிப்பார். தேறும் என்று தோன்றினால், அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள்தான் ரிவியூவர்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. எழுதியவருக்கு அவர்கள் யாரென்று தெரியாது. குறைகளை எழுதுவார்கள், திருத்தச் சொல்வார்கள், நிராகரிக்கவும் சொல்வார்கள். கடைசி முடிவு எடிட்டருடையது.

சிறப்பிதழில் இந்த வேலையில் பெரும்பகுதி ‘கெஸ்ட் எடிட்டர்’ கைக்குப் போகிறது. தலைப்பை முன்வைப்பது, கட்டுரை கேட்பது, ரிவியூவர்களைத் தேர்வு செய்வது எல்லாம் அவர்தான். நேர்மையான ஆள் என்றால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால்? தன் ஆட்களின் கட்டுரையைத் தன் ஆட்களிடமே அனுப்பி ‘ஓகே’ வாங்கிவிடலாம். அதைப் பிடிக்க வேண்டியவர் இதழின் தலைமை எடிட்டர்.

அவர் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2021-இல் ஓர் உதாரணம் கிடைத்தது. எல்சவியரின் ‘மைக்ரோபிராசசர்ஸ் அண்ட் மைக்ரோசிஸ்டம்ஸ்’ இதழின் சிறப்பிதழ்களில் விசித்திரமான சொற்கள் இருப்பதை பிரான்ஸின் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தார்கள். ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’! காப்பியடித்தது சாஃப்ட்வேரில் சிக்காமல் இருக்கச் சொல்லை மாற்றினால் இப்படித்தான் வரும். ஒரு ரிவியூவர் ஒரு பக்கம் படித்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்கும். எடிட்டோரியல் சிஸ்டத்தில் ஏற்பட்ட செட்டிங் பிழையால் அந்தக் கட்டுரைகள் தலைமை எடிட்டரின் ஒப்புதலுக்கே போகவில்லை என்று எல்சவியர் பிறகு விளக்கம் சொன்னது. இப்படி வெளியானவை 400-க்கும் மேல்.

அடுத்தது ஹிந்தாவி. வைலி நிறுவனம் 2021-இல் 29.8 கோடி டாலருக்கு வாங்கிய பதிப்பகம். 2022 செப்டம்பரில் 511 கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2023-இல் மட்டும் அந்த எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டியது. பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை. கடைசியில் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எழுதியவர்களுக்கு இந்த முறைகேட்டில் பங்கு இருக்கிறதா என்று விசாரிக்கவில்லை என அந்த அறிவிப்புகளிலேயே எழுதியிருந்தார்கள். அதாவது, மாதக்கணக்கில் உழைத்து, கட்டணமும் கட்டி, நிஜமாகவே ஆய்வு செய்து எழுதியவரின் கட்டுரையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து போயிருக்கலாம். கூகுளில் அவர் பெயரைத் தேடினால் ‘ரிட்ராக்டட்’ என்ற சொல்தான் முன்னால் வரும். ரிவியூவரைத் தேர்வு செய்தவரின் பெயர் வராது.

பழியை இளம் ஆசிரியர்கள் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இருக்கும் சவீதா பல் மருத்துவக் கல்லூரி பற்றி 2023 ஜூனில் ‘சயின்ஸ்’ இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அங்கே மாணவர்கள் தேர்வு அறையில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்கள் என்றும், கல்லூரியின் பேப்பர்கள் கல்லூரியின் மற்ற பேப்பர்களையே ஏராளமாக மேற்கோள் காட்டுகின்றன என்றும் அந்தச் செய்தி சொன்னது. அது சிறப்பிதழ் விவகாரம் இல்லை. ஆனால் பேப்பரைப் படிக்காமல் எண்ணிப் பார்க்கும் முறை இருக்கும்வரை, யாராவது எங்காவது குறுக்குவழி கண்டுபிடிக்கத்தான் செய்வார்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்பதை என்.ஐ.ஆர்.எஃப் 2025-இல்தான் கொண்டுவந்தது. லேட்டாக வந்தாலும் நல்லதுதான். ஆனால் எண்ணிக்கைக்கான எடை அப்படியே இருக்கிறதே!

2025 பிப்ரவரியில் யு.ஜி.சி தன் ‘கேர்’ பட்டியலையும் நிறுத்திவிட்டது. எந்த இதழ் நல்லது என்பதை இனி கல்லூரிகளே முடிவு செய்ய வேண்டும். ஸ்கோபஸில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது அந்த முடிவு ஆகாது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம் 2024 பிப்ரவரி முதல் சிறப்பிதழ் கட்டுரைகளுக்குக் கட்டணம் தருவதையே நிறுத்திவிட்டது. நம் கல்லூரிகள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். கட்டணத்தைத் திருப்பித் தரும் முன் சிறப்பிதழின் எடிட்டர் யார் என்று கேட்டாலே போதும்.

கட்டுரை அனுப்புபவரும் போனிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஓப்பன் அக்சஸ் இதழ்களைப் பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே அமைப்பு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: சிறப்பிதழில் கெஸ்ட் எடிட்டர்களின் சொந்தக் கட்டுரைகள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அவற்றை வேறொருவர்தான் கையாள வேண்டும். அதே கெஸ்ட் எடிட்டர் முன்பு கொண்டுவந்த இதழின் பொருளடக்கத்தைத் திறந்து, அவர் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். ஐந்து நிமிடம்கூட ஆகாது.