ஆமிக்காரனுக்குத் தனிக் கோடு இல்லை

“ஆமிக்காரனை ஆமிதான் விசாரிக்கும். எங்கட கோட்டுக்கு அவன் வருவானோ?” யாழ்ப்பாணத்தில் இதைச் சந்தையில் கேட்கலாம், கோயில் வீதியில் கேட்கலாம், படித்தவர்கள் வாயிலும் கேட்கலாம். இது பொய். எத்தனையோ தாய்மாரைப் பொலிஸ் நிலைய வாசலோடு திருப்பி அனுப்பிய பொய்.

இராணுவத்தை ஆளும் சட்டம் 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். படையினர் செய்யும் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தை அது சிவில் நீதிமன்றங்களிடமிருந்து பறிக்கவில்லை. போர்ச் சேவையில் இல்லாத படையாள் நாட்டுக்குள் கொலையோ பாலியல் வல்லுறவோ செய்தால், இராணுவ நீதிமன்றம் அவ்வழக்கை எடுக்கவே முடியாது. போர்ச் சேவையில் இருந்தபோது செய்திருந்தாலும் மேல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அப்படியே இருக்கிறது. எங்கள் சனத்துக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டிய சட்டத்தரணிகள் போதிய அளவு சொல்லவில்லை என்பதே என் முதல் குற்றச்சாட்டு.

1996 செப்ரெம்பர் 7. உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவரும், அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் உயிரோடு திரும்பவில்லை. அந்த வழக்கை விசாரித்தது படைமுகாம் அல்ல. கொழும்பு மேல் நீதிமன்றத்தில், யூரி இல்லாமல், மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். 1998 ஜூலை 3ஆம் திகதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது குற்றவாளிகளில் ஒருவரான படையாள் சோமரத்ன ராஜபக்ச மன்றிலேயே வாய் திறந்தார்: செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். அடுத்த ஆண்டு தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் வெளிவந்தன. அதிகாரிகளே நீதிபதிகளாக அமரும் ஒரு மன்றில் அந்த வார்த்தை வெளியே வந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

படை தன் ஆட்களைத் தானே விசாரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹெயிட்டி இருக்கிறது. ஐ.நா. அமைதிப்படையில் இருந்த இலங்கைப் படையினர் 100க்கும் மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்று 2017இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டுவந்தது. அங்கே பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இங்கே யார் பேசினார்கள்? இராணுவ நீதிமன்றங்களை இன்றும் பலமாக வைத்திருக்கும் அமெரிக்காகூட, விசாரணை பற்றி அறியவும் மன்றில் பேசவும் பாதிக்கப்பட்டவருக்குள்ள உரிமையை 2013இல் தன் இராணுவச் சட்டத்துக்குள்ளேயே எழுத வேண்டி வந்தது.

“மிருசுவிலில் என்ன நடந்தது? விட்டிட்டாங்கள்தானே!” என்று கேட்பார்கள். கேட்பவர்களின் கோபம் நியாயமானது, ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு பிழை. 2000 டிசெம்பரில் இடம்பெயர்ந்திருந்த நிலையில் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். அதில் ஒன்று ஐந்து வயதுப் பிள்ளை. காயத்தோடு தப்பிய ஒருவர் துணிந்து சொன்னபடியால்தான் உண்மை தெரிந்தது. அந்தக் கொலைகளுக்காகப் படையாள் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015 ஜூன் 25இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கூட நிறுத்தப்பட்ட நால்வர் விடுவிக்கப்பட்டார்கள், பதினைந்து வருடம் இழுபட்டது, எல்லாம் உண்மை. ஆனால் 2020 மார்ச் 26இல் அவரை வெளியே விட்டது நீதிமன்றம் அல்ல, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச கையெழுத்திட்ட மன்னிப்பு.

அப்போது நடைமுறையில் இருந்த 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம், குற்றவாளிக்கு மன்னிப்பு வழங்க யோசித்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்து அவர் சொல்வதைக் கேட்க இடம் தந்தது. மிருசுவில் குடும்பங்களை யார் கேட்டார்கள்? மீறப்பட்டது அவர்களின் உரிமை, அதற்குப் பரிகாரம் கேட்கவும் முடியும். கொல்லப்பட்ட பாரத லக்‌ஷ்மன் பிரேமச்சந்திரவின் மனைவியும் மகளும் வழக்குப் போட்டார்கள். அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட துமிந்த சில்வாவுக்குக் கொடுத்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் இரத்துச் செய்தது. அந்தக் கதவு தெற்குக்கு மட்டும் திறப்பதல்ல. திறக்காவிட்டால், திறக்கவில்லை என்பதையும் தீர்ப்பாக எழுதட்டும்.

2025இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, சிறு பிள்ளைகளுடையதும்கூட. ‘எங்களால் ஆகாது’ என்று இப்போதும் சொன்னால் மகிழ்பவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். காணாமற்போனவர்களின் குடும்பங்கள் ஒவ்வொன்றும் சட்டத்தரணியோடு யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பாதுகாப்புக் கேட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊரில் சாட்சி சொல்ல அஞ்சுபவர்கள் காணொளி வழியாகச் சொல்ல அனுமதி கேட்க வேண்டும். சட்டத்தரணிகள் இதைக் காசு வாங்காமல் செய்து கொடுக்க வேண்டும்.