கத்தரிக்கோல் பட்ட முத்திரை

சித்தாண்டியில் 1990 இடப்பெயர்வுக்குத் தப்பிய வீட்டுப் பெட்டிகளில் பழைய கடிதங்கள் இருக்கக்கூடும். முத்திரையை வெட்டி விற்க நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்கவும். இந்தச் சந்தையில் ஓரம்தான் விலை.

இலங்கையின் முதல் முத்திரைகள் 1857 இல் வந்தபோது துளையிட்ட ஓரம் இல்லை, கத்தரிக்கோலால்தான் பிரித்தார்கள். 1859 இன் நான்கு பென்ஸ் முத்திரை எண்கோண வடிவம். பலர் அந்த வடிவத்தை ஒட்டியே வெட்டிவிட்டார்கள். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் உள்ளதற்கே பெருவிலை. வெட்டுப்பட்டதற்கு அதில் சிறு பங்குதான்.

துளையிட்ட முத்திரையில் படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலும் மதிப்புக் குறையும். அது அச்சகத்தின் பிழை. அதை மறைக்க ஓரத்தைச் சீவினால் மோசடி. அமெரிக்காவில் 2007 இல் 28 இலட்சம் டொலருக்குப் போன ஹோனஸ் வாக்னர் பேஸ்போல் அட்டையின் ஓரத்தைத் தானே வெட்டியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013 இல் ஒப்புக்கொண்டார்.

நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 1948 க்குப் பிந்தியவை. தனி முத்திரைக்குச் சொற்பக் காசுதான். முழு உறை என்றால், தபாலகத்தின் திகதிக் குறியும் தெளிவாக இருந்தால், சேகரிப்பவர் கூடுதலாகத் தருவார். காணி உறுதியைத் தொலைத்த குடும்பத்துக்கோ, அந்த உறையிலுள்ள பெயரும் விலாசமும் திகதியும் தாங்கள் அந்த வளவில் இருந்ததைக் காட்டும் ஒரு துண்டு. விற்பதானாலும் முதலில் இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள்.